பூட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள்: தண்டையார்பேட்டையில் ஒரு லிஃப்ட் பராமரிப்புச் சேவை

சென்ற மாதம் பராமரிப்புக்கு வந்த மெக்கானிக், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே மாடியேறிச் சென்று, 84 வயதான என் தாயாரிடம், "ஆயா, இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு லிஃப்ட் ஓடாது. கீழ வர்ற வேலை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, எறக்கி விட்டுட்டு அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு உடற்பயிற்சி கற்றுத்தரும் பெண் பத்து மணிக்கு வருவதாக இருந்ததால், அம்மாவைச் சக்கர நாற்காலியோடு கீழே கொண்டுவந்து கூடத்தில் அமர்த்திய பிறகே வேலை தொடங்கியது. படி இறங்க முடியாத ஒருவர் மாடியில் இருக்கும்போது லிஃப்ட்டை நிறுத்துவது அவரை மாடியிலேயே அடைத்து வைப்பதற்குச் சமம் என்பதை, இதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த எந்த மெக்கானிக்கும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குறுகலான தெருவில் உள்ளது. தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மட்டும் செல்லும், சக்கர நாற்காலி ஏற்றக்கூடிய, எண்ணெய் அழுத்தத்தால் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் மேடை லிஃப்ட் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். ராயபுரத்தில் என் தம்பி வீட்டில், படிக்கட்டின் ஓரமாகத் தண்டவாளத்தில் ஓடும் நாற்காலி லிஃப்ட் இருக்கிறது. இரண்டையும் கடந்த ஓராண்டாக ஒரே சேவை நிறுவனத்தினர்தான் பராமரிக்கின்றனர். ஐந்தாறு பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய அமைப்பு அது. பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருப்பதால், அவர்களுடைய வேலை முறையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

மணலியில் ஓர் ஆலையின் மின்பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். பெர்மிட் என்னும் வேலை அனுமதிச் சீட்டு எழுதாமலும் பூட்டுப் போடாமலும் ஒரு மோட்டாரின் மூடியைக் கூடக் கழற்ற விடாத இடம் அது. எனவே லிஃப்ட் எவ்வளவு வழுவழுப்பாக ஓடுகிறது என்பதைவிட, மெக்கானிக் அதைத் தொடுவதற்கு முன் என்ன செய்கிறார் என்பதே என் கண்ணில் முதலில் படுகிறது.

இவ்வகை லிஃப்ட்களில் ஒரு மயக்கம் இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டிடங்களின் லிஃப்ட்டைப் போல இவை விரைவாக ஓடுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மேடை லிஃப்ட் பற்றிய ஐஎஸ்ஓ 9386 என்ற பன்னாட்டுத் தரநிலை நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்கிறது. மூன்று மீட்டர் ஏறுவதற்கு இருபது நொடி ஆகும். இவ்வளவு நிதானமாக நகரும் ஒரு பொருள் ஆளைக் கொல்லும் என்று மனம் நம்புவதில்லை. ஆனால் மேடைக்கு அடியில் தலையை நீட்டியிருப்பவருக்கு அதன் வேகம் ஒரு பொருட்டல்ல; எடைதான் பொருட்டு. அதிலும் எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் மேடை, குழாயோ வால்வோ விட்டுக் கொடுத்துவிட்டால் அந்த நிதானத்தோடு இறங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. முன்பு எங்களுக்குச் சேவை செய்தவர், சிவப்பு நிற நிறுத்தப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்வார். அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே துண்டிக்கும். பெட்டிக்குள் 230 வோல்ட் அப்படியே இருக்கும், சிலிண்டருக்குள் அழுத்தமும் அப்படியே இருக்கும்.

இப்போது வருபவர்கள் முதலில் லிஃப்ட்டுக்கான மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் துளைகளுள்ள ஒரு இரும்புக் கொக்கியை மாட்டி, மெக்கானிக் ஒரு பூட்டும் உதவியாளர் ஒரு பூட்டுமாகத் தனித்தனியே போடுகிறார்கள். அவரவர் சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்கும். "ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதீர்" என்று தமிழிலும் இந்தியிலும் அச்சிட்ட அட்டையில் தேதியும் கைப்பேசி எண்ணும் எழுதித் தொங்கவிடுகிறார்கள். சோதித்துப் பார்ப்பதற்காகவே, ஒரு முறை, அவசரமாக லிஃப்ட் வேண்டும், சாவியைக் கொடுங்கள் என்று கேட்டேன். "சாவி என் பாக்கெட்லயே இருக்கட்டும் சார். உங்ககிட்ட மட்டும் இல்ல, எங்க முதலாளி கேட்டாலும் வேலை முடியுற வரைக்கும் தர மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். ஆலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் பிடிக்கும்.

பூட்டியதோடு அவர் நம்பிவிடவில்லை. மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றில் இரண்டிரண்டுக்கு நடுவே மீட்டரை வைத்துச் சோதித்தார். கடைசியில் மீண்டும் அதே பிளக்குக்கு வந்து, மீட்டர் நடுவில் பழுதாகிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். அத்துடன், "வீட்டுல இன்வெர்ட்டர் எந்தெந்த லைனுக்குப் போவுது சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நானே சற்று ஆடிப்போனேன். லிஃப்ட் குழியின் விளக்கையும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கான ஒரு லைனையும், மின்வெட்டின்போது உதவட்டும் என்று, நான்தான் பல ஆண்டுகளுக்கு முன் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டிருந்தேன். மெயினை அணைத்தாலும் அந்த லைன் உயிரோடுதான் இருந்திருக்கும். அன்றே அதற்குத் தனியாக ஓர் எம்சிபி (மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) வைத்து, அதையும் பூட்டும்படி ஏற்பாடு செய்தோம்.

அடுத்தது மேடைக்கு அடியில் செல்லும் வேலை. மேடையை உயர்த்தி, சட்டத்தோடு வரும் இரும்பு முட்டுகளை நிறுத்தி, மேடையின் முழு எடையும் முட்டின் மேல் உட்காரும்படி மெதுவாக இறக்கிய பிறகு, அழுத்தமானி பூச்சியத்துக்கு வரும்வரை எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். குழாய் வெடித்தால் மேடை விழாமல் பிடித்து நிறுத்தும் வால்வ் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வால்வையே கழற்றும் நாளில் அது யாரையும் காப்பாற்றாது. முட்டு மட்டுமே காப்பாற்றும். அழுத்தம் இருக்கும் நேரத்தில் கசிவு தேடுவதற்கு விரலால் குழாயைத் தடவாமல், ஒரு பழைய அட்டைத் துண்டை அருகில் பிடித்துப் பார்த்தார். அதிக அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியே பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்தது போலத்தான் தெரியும், ஆனால் அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய் விடும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கை நான் பார்த்தது இதுவே முதல் முறை.

தம்பி வீட்டு நாற்காலி லிஃப்ட்டில் ஆபத்தின் இடம் வேறு. அது ஓடுவது 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்த 24 வோல்ட்டில். சுவரில் உள்ள இணைப்பு அந்தப் பேட்டரிகளைச் சார்ஜ் செய்வதற்கு மட்டுமே. ஆகவே சுவிட்சை அணைத்தாலும் நாற்காலி நகரும், மெக்கானிக்கின் விரல் பற்சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தாலும் நகரும். இவர்கள் நாற்காலியின் அடியில் உள்ள பேட்டரி சுவிட்சையும் அணைத்து, பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறந்தார்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான்; ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஸ்பானரோ மோதிரமோ பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். மெக்கானிக் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, தம்பி மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தார். அவர் அதை சாமி மாடத்தில் வைத்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மறந்து, மாலையில் ஆள் வந்து வாங்கிப் போனது தனிக் கதை.

முந்தைய சேவையை நான் நிறுத்தியதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். மாடிக் கதவின் பூட்டுத் தொடர்பு (கதவு பூட்டியிருப்பதை லிஃப்ட்டுக்கு உணர்த்தும் மின் தொடர்பு) சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னபோது, வந்தவர் கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, மேடை கீழே இருக்கும்போதே மாடிக் கதவு திறந்துகொள்வதை என் மனைவி கண்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கதவுத் தொடர்பின் இரு முனைகளையும் ஒரு சிறு ஜம்பர் வயர் இணைத்துக்கொண்டிருந்தது; கதவு பூட்டாதபோதும் பூட்டியதாகவே லிஃப்ட் எடுத்துக்கொள்ளும். சக்கர நாற்காலியில் பின்னோக்கி வரும் பழக்கமுள்ள அம்மா அந்தக் கதவருகே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போதைய மெக்கானிக்கும் பழுதைக் கண்டுபிடிக்கச் சில நேரம் ஜம்பர் போடுகிறார். ஆனால் அவரிடம் இருப்பவை ஒரு முழ நீளமுள்ள மஞ்சள் வயர்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் எண் கட்டியிருக்கிறது. பெட்டியை மூடும் முன் நான்கும் பைக்குள் திரும்பி வந்ததா என்று எண்ணி, அறிக்கைத் தாளில் எழுதுகிறார்.

வடசென்னைக்கென்றே உள்ள இரண்டு தொல்லைகள் கடற்காற்றும் மழைவெள்ளமும். காசிமேட்டுக் காற்றில் தம்பி வீட்டுத் தண்டவாளத்தின் போல்ட்டுகளும் மின் முனைகளும் பூத்துப்போகின்றன. அவற்றை ஒவ்வொரு வருகையிலும் சுத்தம் செய்து இறுக்குகிறார்கள். மழை விஷயம் இன்னும் கடுமையானது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் லிஃப்ட் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, பழைய சேவைக்காரர் மின்சாரத்தைத் துண்டிக்காமலேயே அதில் இறங்கப் போனார்; நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இப்போதுள்ளவர்கள் கடந்த மழைக்கு முன்பே, குழியில் ஓர் அங்குலம் தண்ணீர் இருந்தாலும் லிஃப்ட்டைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு அழைக்க வேண்டும் என்று கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஐந்து வருகைகளில் மூன்று, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம். மார்ச் மாதம் மெக்கானிக் உதவியாளர் இல்லாமல் தனியாக வந்தார். மேடைக்கு அடியில் இறங்கும் வேலை இருந்தும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒருவர் வேண்டும் என்ற விதியை அன்று அவர்களே மீறிவிட்டார்கள். அன்று அந்த இடத்தில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். உதவியாளர் பெரும்பாலும் ரப்பர் செருப்போடுதான் வருகிறார். கேட்டால், காலணி வண்டியில் இருக்கிறது என்கிறார், வண்டியில் இருக்கும் காலணி யாருடைய காலைக் காக்கும் என்று தெரியவில்லை. அறிக்கைத் தாளின் நகலைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு நான்கு வருகைகளுக்கு 16,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, உதிரிபாகங்கள் தனி. இந்தப் பகுதியில் இதைவிடக் குறைவாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் பூட்டு இருக்காது.

சென்ற மாத வேலை முடிந்ததும், உதவியாளர் வெளியே வந்துவிட்டாரா, கருவிகள் எண்ணிக்கை சரிதானா என்று பார்த்து, இருவரும் தத்தம் பூட்டைத் தாமே திறந்தார்கள். மெக்கானிக் மேடையை ஆளில்லாமல் இரண்டு முறை ஓட்டினார். இறங்கும்போது அதன் அடிப்பலகையை ஒரு மரக்கட்டையால் தொட்டு, உடனே நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு தாமே ஏறிப் போய்வந்தார். அதன் பிறகுதான், "வாங்க ஆயா, போலாம்" என்று அம்மாவின் நாற்காலியைத் தள்ளி உள்ளே நிறுத்தினார்.

நேற்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். அச்சிட்ட தாளின் கீழே இரண்டு வரிகளைக் கையால் எழுதச் சொன்னேன்: ஒவ்வொரு வருகைக்கும் இருவர் வர வேண்டும், இருவரும் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்க வேண்டும். முதலாளி சற்றே தயங்கினார், பிறகு கையெழுத்திட்டார்.