டெசிபல் மீட்டர்: ஏ-சி பொத்தானும் தானாக அணையும் தொல்லையும்

கோலக்கங்சாரில் அறிவியல் எடுக்கும் தோழி போன வாரம் கேட்டார்: "டீச்சர், உங்களிடம் இருக்கும் அதே டெசிபல் மீட்டர் இப்போது நூறு வெள்ளிக்குக் கீழே வந்துவிட்டது. வாங்கட்டுமா?" சத்தத்தின் அளவைக் காட்டும் அந்தக் கருவியில் என்னுடையதை அன்றுதான் ரிப்பேர் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். பேட்டரி ஒயர் அறுந்து, பற்றவைத்துக் கொடுத்தார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். படிவம் 2-இல் ஒலி அலைகள், படிவம் 3-இல் காது. இரண்டுக்கும் சில வருஷமாக இந்த மீட்டர்தான். துல்லியத்தில் குறை இல்லை, வகுப்புக்குப் போதும்.

இதில் நான் எதிர்பார்க்காத பரிசு ஏ-சி பொத்தான். மீட்டர் அளக்கும் விதத்தை அது மாற்றும்: சி-யில் சுருதி தாழ்ந்த ஒலியையும் ஏறக்குறைய உள்ளபடியே காட்டும், ஏ-யில் நம் காது கேட்பதுபோல் அதைக் குறைத்துக் காட்டும். போனிலிருந்து ஸ்பீக்கரில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை விடுவேன். அடுத்து 100 ஹெர்ட்ஸ், சுருதி தாழ்ந்த ஒலி. சி-யில் வைத்து, இரண்டும் 60 டெசிபல் காட்டும்படி சத்தத்தைச் சரிசெய்துவிட்டு, பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன். இரண்டாவது ரொம்ப மெல்லிசு என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். எண்ணைக் காட்டினால் நம்பவே மாட்டார்கள். அப்புறம் ஏ-யை அழுத்துவேன். 1000 ஹெர்ட்ஸ் அப்படியே நிற்கும், 100 ஹெர்ட்ஸ் மட்டும் 41-க்கு இறங்கிவிடும். அந்த 19 டெசிபல்தான் நம் காதின் குணம். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்களைக் கேட்க வைத்து, எந்தெந்த ஒலி காதுக்கு ஒரே அளவு சத்தமாகப் படுகிறது என்று வரைந்த சம உரப்புக் கோடுகளிலிருந்து பிறந்தது இந்த ஏ. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், ஒருபக்கம் செவிப்பறை மூடிய குழாய். அதனால் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை அது தூக்கிக் கொடுக்கிறது. திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று ஏ, சி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த பையன்களுக்கு, தாழ்ந்த சுருதி காதுக்குக் குறைவாகப் படுவதை நான் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, தொல்லைக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் பொத்தானைத் தொடாவிட்டால் மீட்டர் தானாக அணைந்துவிடும். அதைத் தடுக்க கையேட்டில் வழியே இல்லை. அணைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திரும்பப் போட்டால் நீங்கள் வைத்த சி போய் ஏ-யில் வந்து நிற்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்துதான் மாறியிருக்கும், பிள்ளைகள் கண்ணில் படாது. அட்டவணையின் மேல் பாதி சி, கீழ்ப் பாதி ஏ என்று எழுதிக்கொண்டு, தாழ்ந்த ஒலி ஏன் திடீரென்று குறைந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். காதைப் பற்றிப் படிக்க வந்த பிள்ளைகளை இப்படிக் குழப்பும் கருவியை என்னவென்று சொல்வது?

ஒரு மாணவனின் அப்பா தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். அவர் காதருகே அளக்கப் போனோம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் அணைந்தது. வேலையை நிறுத்தி, வெயிலில் மறுபடி கயிற்றை இழுத்து அவர் மெஷினைக் கிளப்ப வேண்டியதாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மீட்டர் ஏ-யில் 94 காட்டியது. நம் மலேசியாவின் 2019 வேலையிட இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, தாங்கும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்குப்படி அவருக்கு ஒரு மணி நேரம்தான். உட்காதின் நத்தைக்கூடு போன்ற சுருளில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. மகன் அந்த வகுத்தலை அங்கேயே போட்டு அப்பாவிடம் காட்டினான்.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் இந்த மாடல் வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்து, வைத்த அமைப்பை மறக்காத மீட்டராகப் பாருங்கள், ஆனால் ஏ-சி பொத்தான் இல்லாததைத் தொடவே தொடாதீர்கள். அப்படி ஒன்று கிடைப்பதற்கு முன்பே உங்கள் பாடம் தொடங்குகிறது என்றால் என்னுடையதை எடுத்துப் போங்கள், ஒயர் இப்போது கெட்டியாக இருக்கிறது.