மஹாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸ்ல ஒரு ஞாயித்துக்கிழமை - கிண்டில வளந்தவனோட ரிவ்யூ

சென்னை கிண்டி ரேஸ் கோர்சுக்கு அரசாங்கம் சீல் வெச்சது 2024 செப்டம்பர் 9. அன்னைக்கு இருந்து எனக்கு ரேஸ்னா செல்போன்ல பாக்கறதுதான்னு ஆயிருச்சு. 1945ல 99 வருஷ லீசுக்கு குடுத்த 160 ஏக்கர், வருஷ வாடகை 614 ரூபா சொச்சம், அந்தக் கணக்கு சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல, எனக்கு அது அப்பாவோட, காலேஜ் நாள்ல இருந்து போய்ட்டு வந்த இடம், அவ்ளோதான். ஊட்டி ரேஸ் கோர்சும் அதே வருஷம் போச்சு. நேர்ல குதிரைய பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. ஜனவரில மும்பை மாட்டுங்கால இருக்க அக்கா வீட்டுக்கு போனப்ப மாமா (அக்கா வீட்டுக்காரர்) தான் கேட்டாரு, "என்னடா, மஹாலக்ஷ்மி பக்கம் போய்ட்டு வரலாமா?"ன்னு. அத விட வேற என்ன வேணும் எனக்கு.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன்ல ஸ்லோ லோக்கல் ஏறுனா தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், அப்புறம் மஹாலக்ஷ்மி. எறங்கினா ஒரு பக்கம் தோபி காட், வெள்ளைத் துணியா காய்ஞ்சிட்டு இருக்கும், அதுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்ச தூரம் நடந்தா ரேஸ் கோர்ஸ். உள்ள போனதும் முதல்ல தெரியறது வானம்தாங்க. பம்பாய்ல அவ்ளோ வானத்த ஒரே எடத்துல வேற எங்கயும் பாக்க முடியாது. 225 ஏக்கர், அந்தப் பக்கம் ஹாஜி அலி, கடல் காத்து நேரா ஸ்டாண்டுக்கு வருது. 1883ல ஆரம்பிச்ச கோர்ஸ், ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கத்துல இருக்க கால்ஃபீல்ட் மாடல்ல போட்டதாம். அந்தப் பழைய ஸ்டாண்டுல உக்காந்தா கிண்டி ஸ்டாண்டு ஞாபகம் வந்துருச்சு, கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசல, மாமாவும் எதுவும் கேக்கல.

வேணும்னேதான் டெர்பி நாள விட்டுட்டு சாதாரண ஞாயிறுக்கு போனேன். இந்தியன் டெர்பி பிப்ரவரி முதல் ஞாயிறு, 2400 மீட்டர், 1943ல இருந்து நடக்குது, முதல் டெர்பிய ஜெயிச்சதே ஒரு ஃபில்லி (இளம் பொண்ணு குதிரை), பேரு பிரின்சஸ் பியூட்டிஃபுல். அன்னைக்கு தொப்பியும் கோட்டும் ஃபேஷன் ஷோவுமா கூட்டம் நெரியும், குதிரைய நடத்திக் காட்டற பேடாக் கிட்ட நிக்கக்கூட எடம் கெடைக்காது. குதிரைய பாக்கணும்னு போறவங்க சாதாரண நாளுக்கு போங்க.

ஏன்னா என்னைப் பொறுத்தவரை ரேஸ் கோர்ஸ்ல முக்கியமான எடம் வின்னிங் போஸ்ட் இல்ல, பேடாக்தான். ரேசுக்கு முன்னாடி குதிரைங்கள சயிஸ் (குதிரைய பாத்துக்கறவரு) புடிச்சிட்டு சுத்தி சுத்தி நடத்திட்டு வருவாங்க பாருங்க, அங்க நிக்கணும். அன்னைக்கு நாலாவது ரேஸ், 1400 மீட்டர் ஹேண்டிகேப் (குதிரைக்குத் தக்க சுமை வெச்சு ஓட்டற ரேஸ்), கார்டுல ஏழாம் நம்பர் ஒரு பே (பழுப்பு நிற) ஃபில்லி. ரெண்டாவது சுத்துல எனக்கு மூணடி தூரத்துல போச்சு. வயித்துப் பக்கம் ரோமத்துல காசு காசா வட்டம், டாப்பிள்னு சொல்லுவாங்க, நல்ல ஆரோக்கியமா இருக்க குதிரைக்குத்தான் அப்படி வரும். பின்னங்கால் குளம்பு முன்னங்கால் வெச்ச எடத்தையும் தாண்டி விழுது, அவ்ளோ நீளமான நடை. காது ரெண்டும் முன்னாடி. ஃபேவரிட்டா (நெறைய பேரு பணம் கட்டினது) இருந்த ரெண்டாம் நம்பர் கோல்ட்டுக்கு (இளம் ஆண் குதிரை) பின்னந்தொடை நடுவுல சோப்பு நுரை மாதிரி வேர்வை, தலைய ஆட்டிட்டே இருக்கான், சயிஸ் பாவம் தொங்கிட்டே போறாரு. ஏழாம் நம்பரோட சயிஸ் வயசானவரு, சுத்தி முடிஞ்சதும் ஸ்பாஞ்ச நனைச்சு அது வாய்ல வெச்சாரு, அது குடிக்காம அவர் சட்டைய மோந்து பாத்துச்சு. ஜாக்கி வந்ததும் ட்ரெய்னர் கணுக்கால புடிச்சு ஏத்தி விட்டாரு, அப்பவும் அது அசையல. இதையெல்லாம் எந்த டிப்ஸ்காரனும் உங்களுக்கு சொல்ல மாட்டான்.

ரேஸ் கார்டப் பத்தியும் சொல்லிடறேன், புதுசா போறவங்க அத வெறும் பேரு லிஸ்ட்டுன்னு நெனச்சு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கறாங்க. குதிரைக்கு அப்பா அம்மா யாரு, எத்தன கிலோ சுமக்குது, ரேட்டிங் என்ன, பிளிங்கர் (கண் மறைப்பு) போட்டிருக்கா, டங் ஸ்ட்ராப் (நாக்குக் கட்டு) கட்டிருக்கா, எல்லாம் அதுலயே இருக்கு. ரேட்டிங்ல ஒரு பாயின்ட் கூடினா அரை கிலோ வெயிட் கூடும், நல்ல குதிரைக்கு சுமை ஜாஸ்தி, சுமார் குதிரைக்கு கம்மி, எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்ங்கறதுதான் ஹேண்டிகேப்பர் வேலை. நம்ம ஏழாம் நம்பர் 52.5 கிலோ, ஃபேவரிட் 60. ஏழரை கிலோ வித்தியாசம்ங்க, 1400 மீட்டர்ல அது சும்மா இல்ல.

பிரீடிங் விஷயத்துல எனக்கு கொஞ்சம் பைத்தியம் உண்டு. அந்த ஃபில்லியோட வம்சத்த ஸ்டட் புக்ல (குதிரைங்க வம்சப் பதிவேடு) தேடிப் பாத்தா அம்மா வழில ரெண்டு தலைமுறைக்கு மேல ரஸீன் இருக்கு. ரஸீன் யாருன்னா பேர் பெத்த குதிரை நார்தர்ன் டான்சரோட பையன், 1990ல இங்கிலாந்து எப்சம் டெர்பில ஃபேவரிட்டா ஓடி ரொம்ப பின்னாடி வந்த குதிரை. அங்க எல்லாரும் கை விட்டாங்க. இங்க உஷா ஸ்டட்டுக்கு (குதிரை வளக்கற பண்ணை) வந்து அது போட்ட குட்டிங்க வருஷக்கணக்கா கிளாசிக் ரேஸா அள்ளுச்சு, சாம்பியன் சயர் (அப்பா குதிரை) பட்டம் திரும்பத் திரும்ப அதுக்குத்தான். அதான் ஒரு குதிரை ஓட்டத்துல தோத்துச்சுன்னு அதோட ரத்தத்த எடை போடக்கூடாது. இன்னொன்னு, தரோபிரெட் (ரேஸ் குதிரை ஜாதி) விஷயத்துல ஊசி போட்டு சினை புடிக்க வைக்கறதெல்லாம் உலகம் பூரா அனுமதி இல்ல, இயற்கையா சேந்தாதான் ஸ்டட் புக்ல பேரு ஏறும், பதினோரு மாசம் சுமந்து ஒரு குட்டி, பொறந்த தேதி எதுவா இருந்தாலும் இங்க ஜனவரி 1 வந்தா ஒரு வயசு கூடும். ஒரு குட்டி பேடாக் வரை வர்றதுக்குள்ள எத்தன பேரு எத்தன வருஷம் ராத்தூக்கம் கெட்டிருப்பாங்கன்னு யோசிங்க. தடுப்பூசி செய்யற சீரம் இன்ஸ்டிட்யூட் பூனாவாலா குடும்பமே முதல்ல குதிரை வளத்தவங்கதான், ஓஞ்சு போன குதிரைங்க சீரம் எடுக்க போகுதுன்னு பாத்துத்தான் 1966ல அந்தக் கம்பெனியே ஆரம்பிச்சாங்க. நாம போட்டுக்கிட்ட ஊசிக்கும் இந்த ரேஸ் கோர்சுக்கும் அவ்ளோ கிட்டத்து சொந்தம்.

சரி, பெட்டிங். நான் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா எடுத்துட்டு போவேன், அது போச்சுன்னா போச்சு, திரும்ப ஏடிஎம் தேட மாட்டேன், இது அப்பா போட்ட சட்டம். டோட் கவுன்ட்டர்ல (கிளப்பே பந்தயம் வாங்கற எடம்) வின், பிளேஸ், எஸ்ஹெச்பி, ஃபோர்காஸ்ட், தனாலா, ட்ரெபிள், ஜாக்பாட்னு பல வகை பந்தயம் உண்டு. முதல் தடவை போறவங்க தனாலா பக்கம் போகாதீங்க, முதல் மூணையும் அதே வரிசைல சொல்லணும், அதுல காசு போட்டுட்டு குதிரைய பாக்காம போர்டையே பாத்துட்டு நிப்பீங்க. பிளேஸ் கட்டுங்க, முதல் சில எடத்துக்குள்ள வந்தா போதும், நிம்மதியா ரேஸ் பாக்கலாம்.

ஆனா பெட்டிங்ல சம்பாதிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இப்ப இருக்க வரில அது கனவுல கூட நடக்காது. பந்தயத் தொகை முழுசுக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 40 சதவீதம் ஆக்கிட்டாங்க. நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு கேள்வியே இல்ல, கட்டற பணத்துக்கே வரி. அதுக்கு மேல கிளப் கமிஷன், பெரிசா அடிச்சு பத்தாயிரத்த தாண்டிட்டா 30 சதவீதம் டிடிஎஸ். 1996ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, குதிரைப் பந்தயம் திறமைய வெச்சு ஆடறது, வெறும் சூதாட்டம் இல்லன்னு, அதுவும் நம்ம மெட்ராஸ் ரேஸ் கிளப் கேஸ்லதான் அந்தத் தீர்ப்பு. அப்புறமும் லாட்டரியும் கேசினோவும் இருக்க அதே வரிசைல வெச்சு வரி போடறது எனக்கு ஏத்துக்கவே முடியல. இதனால என்ன ஆகுது, பெரிய பார்ட்டியெல்லாம் கணக்குல வராத ஃபோன் புக்கிகிட்ட போய்டறான், அரசாங்கத்துக்கும் வரி இல்ல, கிளப்புக்கும் வருமானம் இல்ல, ஸ்டேக் மணி (பரிசுப் பணம்) கொறையுது, கடைசில அடி வாங்கறது அந்த சயிசும் குதிரை வளக்கறவனும்தான். வரி வேண்டாம்னு நான் சொல்லல, கமிஷன் மேல போடுங்கன்னுதான் சொல்றேன்.

ரேஸ் எப்படி இருந்துச்சுன்னா, கதவு தொறந்ததும் ஃபேவரிட் முன்னாடி பாஞ்சிருச்சு, நம்ம ஏழாம் நம்பர் கூட்டத்துக்கு நடுவுல ரெயில் ஓரமா மாட்டிக்கிச்சு. கடைசி 400ல ஒரு சின்ன சந்து கெடச்சுது. அந்தப் பொண்ணு அதுக்குள்ள நுழைஞ்ச விதம் இருக்கே, கண்ண மூடினா இன்னும் தெரியுது. ஸ்டாண்டு மொத்தமும் எந்திரிச்சிருச்சு, மாமா என் தோள புடிச்சு உலுக்கறாரு, குளம்பு சத்தம் தரை வழியா கால்ல ஏறுது. ஃபேவரிட் கரைஞ்சு நாலாவதா போச்சு, வெளிப்பக்கம் வந்த ஒரு அவுட்சைடர் (யாரும் எதிர்பாக்காத குதிரை) ஷார்ட் ஹெட்ல, ஒரு தலை நீளம் கூட இல்லாத வித்தியாசத்துல ஜெயிச்சுது, ஏழாம் நம்பர் ரெண்டாவது. பிளேஸ் டிவிடெண்ட் பத்து ரூபாக்கு 23. அது மேல ஐநூறு கட்டிருந்தேன். காசு வந்தது சந்தோஷம்தான், ஆனா பேடாக்ல பாத்தது சரியா வந்துச்சே, அந்த சந்தோஷத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

இதேதான் வீட்ல இருந்து பாக்கறப்ப கெடைக்க மாட்டேங்குது. ஒரு வருஷமா ஒரு ஆப்ல (பேரு வேண்டாம்) காசு கட்டி பாத்தேன். பேடாக் பத்து செகண்டு காட்டுவான், அதுலயும் ஓனருங்க கை குலுக்கறத காட்டிட்டு விளம்பரத்துக்கு போய்டுவான். ஸ்ட்ரீம் லேட்டு, குதிரைங்க திருப்பத்துல வர்றப்பவே வாட்ஸப்ல ரிசல்ட் வந்துரும், அதுக்கப்புறம் என்னத்த பாக்கறது. ஹாங்காங்ல பாருங்க, அவங்க ஜாக்கி கிளப் வெப்சைட்ல ஒவ்வொரு 400 மீட்டருக்கும் டைம், காலைல ட்ராக் ஒர்க் வீடியோ, குதிரைக்கு என்ன காயம் வந்துச்சுங்கற டாக்டர் ரெக்கார்டு வரைக்கும் சும்மாவே போட்டு வெச்சிருக்காங்க. நம்மூர்ல இங்கிலீஷ் ஹிந்து ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஓரமா எது ஜெயிக்கும்னு செலக்ஷன் போடறாங்க, அத வெட்டி வெட்டி வெச்சு வளந்தவன் நான், அதுக்கு நன்றி. தமிழ்ல பேடாக் பாத்துட்டு குதிரையப் பத்தி உக்காந்து பேசற ஒரு நிகழ்ச்சி வந்தா நான் முதல் ஆளா பாப்பேன்.

மத்தபடி சாப்பாடு, வடா பாவும் டீயும் போதும். பைனாகுலர் மறக்காதீங்க, பின்னாடி ஸ்ட்ரெயிட்ல நடக்கறது வெறும் கண்ணுக்கு தெரியாது. முதல் ரேசுக்கு அரை மணி முன்னாடியே போய்டுங்க, கார்ட படிக்க டைம் வேணும். சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், அப்புறம் குதிரைங்க புனேக்கு போய்டும். நூறு ஏக்கருக்கு மேல பார்க் ஆக்கற திட்டம் ஓடிட்டு இருக்கு, ரேஸ் நடக்கற எடம் அப்படியே இருக்கும்னு சொல்லிருக்காங்க, இருந்தாலும் பாக்கணும்னு நெனச்சா தள்ளிப் போடாதீங்க, கிண்டிக்கு அடுத்த வாரம் போலாம்னு நானும் நெனச்சவன்தான்.

கெளம்பறப்ப அந்த ஏழாம் நம்பர திரும்ப பாத்தேன். குளிப்பாட்டிட்டு இருந்தாங்க, உடம்புல இருந்து ஆவி போய்ட்டு இருந்துச்சு, அதே வயசான சயிஸ், இந்தத் தடவை தண்ணி குடிச்சுது.

என் ரேட்டிங்: பேடாக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, மொத்தத்துல நாலரை.