கல்லடியும் கண்ணடியும்: ஐந்து வருஷ பிபிஎஃப் அனுபவம்

பழைய காரை விற்றபோது, வாங்க வந்தவர் முதலில் பார்த்தது இன்ஜினை இல்லை. நேராக முன்னால் வந்து குனிந்தார், பானெட்டின் மூக்கை விரல் நுனியால் தடவினார், "ஹைவேயிலே நிறைய ஓடியிருக்கு போல சார்" என்றார். அதுவரை மீட்டரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். பாதியில் நான் டச்சப் பேனாவால் வைத்த பொட்டுகள், மீதியில் துரு.

அடுத்த கார் வந்த இரண்டாவது வாரமே பிபிஎஃப் ஒட்டிவிட்டேன். பிபிஎஃப் என்றால் பெயிண்ட் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற பாதுகாப்பு பிலிம். ஐந்து வருஷம் முடிந்து, போன மாதம் பானெட்டில் இருந்த பிலிமை உரித்தேன். அதற்குக் கீழே என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை.

காரின் பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று பலருக்குத் தெரியாது. துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேலே கிளியர் கோட் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒன்றிரண்டு தலைமுடியை அடுக்கினால் வரும் தடிமன். நல்ல பிபிஎஃப் ஒன்று 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். அதாவது, பாதுகாக்கப்படும் பெயிண்டை விடப் பாதுகாக்கும் பிலிம்தான் தடிமன். அது பாலியூரித்தேன் என்பதால் ரப்பர் மாதிரி கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். கல் வந்து மோதும்போது பெயிண்ட் விறைப்பாக நின்று சில்லாகத் தெறிக்கிறது. பிலிம் அமுங்கி, அடியைச் சுற்றிலும் பரப்பிவிட்டு, மறுபடி எழுகிறது. விஷயம் அவ்வளவுதான். இதே வகை பிலிமை வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளில் மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டினார்கள், பிறகு அது பந்தயக் கார்களுக்கு வந்தது, அங்கிருந்து நம் கார்களுக்கு.

எங்கெங்கே ஒட்டுவது என்பதில்தான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். முன் பம்பர் முழுக்க, ஹெட்லைட், மிரர்களின் முதுகு. இதெல்லாம் சரி. பானெட்டில் மட்டும் முன்னால் இருந்து ஒன்றரை அடி போதும் என்று முடிவு செய்தேன். 'கல் மூக்கில்தானே படும், மேலே எதற்கு' என்று தோன்றியது. ஒட்டுபவர் ஒரு முறைதான் சொன்னார்: "சார், பாதியிலே நிறுத்தினா கோடு தெரியும்." தெரிந்தால் தெரியட்டும் என்றேன்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எனக்கு நடந்தது வேறு மாதிரி. கல்லடியைப் பிலிம் பார்த்துக்கொண்டது. அந்தக் கோட்டின் மேல் என் கண்தான் ஐந்து வருஷமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. கரு நீலக் கார். பிலிம் முடியும் விளிம்பில் மெழுகும் தூசியும் சேர்ந்து ஒரு சாம்பல் கோடு. கழுவிய அன்று போகும், பத்து நாளில் திரும்ப வரும். மென்மையான பிரஷ்ஷில் ஷாம்பு தண்ணீரைத் தொட்டு விளிம்போடு தேய்த்தால் போகிறது என்று பிற்பாடு கண்டுகொண்டேன். ஆனாலும் அது ஓயாத வேலை.

ஒட்டிய நாளன்று முழுக்கக் கூடவே நின்றேன். அது வீணாகவில்லை. உண்மையில் ஒட்டுவது கடைசி இரண்டு மணி நேர வேலை. அதற்கு முன் அரை நாள் சுத்தம் செய்வதிலேயே போனது. கழுவி, களிமண் போன்ற ஒரு உருண்டையால் பெயிண்டை உரசி, ஒட்டிக்கிடந்த இரும்புத் துகள்களை ரசாயனம் தெளித்துக் கரைத்து, திரும்பக் கழுவினார்கள். இரும்புத் துகள் கரையும்போது ஊதா நிறத்தில் வழிந்தது; புதுக் காரிலேயே அவ்வளவு இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் சில சொட்டு குழந்தை ஷாம்பும். அதைப் பெயிண்ட் மேலும், பிலிமின் பசைப் பக்கத்திலும், தங்கள் விரல்களிலும் தாராளமாகத் தெளித்தார்கள். வழுக்கல் இருந்தால்தான் பிலிமை நகர்த்தி இடத்தில் பொருத்த முடியும். பொருந்தியதும் ரப்பர் ஸ்க்வீஜியால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளினார்கள். விளிம்பு ஒட்ட மறுத்த இடங்களில் ஆல்கஹால் கலந்த தண்ணீர். பம்பரின் வளைவில் பிலிமை இழுத்துப் பிடித்தவரின் விரல்கள் நடுங்கியது நினைவிருக்கிறது. அதிகம் இழுத்தால் இழுத்த தடம் அப்படியே நின்றுவிடுமாம்.

அங்கே நான் கவனிக்கத் தவறிய ஒன்றும் உண்டு. காரின் அளவுக்குக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வெட்டிய பிலிம் அது. பெயிண்ட் மேல் பிளேடு வைக்க வேண்டியதில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் பிலிம் விளிம்பைச் சுற்றி உள்ளே மடியவில்லை, விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட்டது. 2 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைப்போம். பானெட்டின் முன் விளிம்பில் அந்த 2 மில்லிமீட்டர்தான் காற்றையும் கல்லையும் முதலில் சந்திக்கும் இடம். மூன்றாம் வருஷம் சரியாக அங்கேயே ஒரு கல் பட்டு, அடுத்த மழைக்காலத்தில் துருப் புள்ளி எட்டிப் பார்த்தது. புதிதாக ஒட்டப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த பிராண்டு என்று கேட்பதற்கு முன், விளிம்பை உள்ளே மடிப்பீர்களா என்று கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் பதற்றமாக இருக்கும். பிலிமுக்கு அடியில் தண்ணீர்க் கொப்புளங்கள், சில இடங்களில் பால் படிந்த மாதிரி மங்கல். விட்டுவிட வேண்டும். தண்ணீர் தானாக ஆவியாகிப் போய்விடும், குளிர் காலமாக இருந்தால் நாள் கூடும். ஊசியால் குத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன். தூசி மாட்டிக்கொண்டால் மட்டும் அது போகாது. என் வலது மிரரில் ஒன்று இன்னும் இருக்கிறது. முதல் வாரம் காரைக் கழுவவே இல்லை.

தானே ஆறும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்யில்லை, ஆனால் எல்லை உண்டு. ஒரு தடவை அவசரத்தில் தூசியோடு துணியால் துடைத்துவிட்டேன். பம்பர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரை மெல்ல ஊற்றினேன். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வேடிக்கை காட்டவே இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஆனால் இது பிலிமின் மேல் பூச்சில் விழும் மெல்லிய கீறலுக்கு மட்டும். வாகன நிறுத்தத்தில் யாரோ எதையோ உரசிவிட்டுப் போன ஆழமான கோடு, வெயிலுக்கும் வெந்நீருக்கும் அசையாமல் இன்றும் இருக்கிறது.

கல் விஷயத்துக்கு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 60-இல் போகும்போது ஒன்றும் செய்யாத அதே கல், 120-இல் வேறு கல். சாதாரணப் பொடிக் கற்கள் பிலிமில் 'டப்' என்று மொத்தையாக ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும்; வெறும் தகட்டில் படும் 'டிங்'குக்கும் அதற்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும். நான்காம் வருஷம் லாரி ஒன்றுக்குப் பின்னால் நெருங்கிப் போனபோது பெரிய கல் ஒன்று வந்தது. பம்பரில் பிலிம் கிழிந்து உதடு மாதிரித் தொங்கியது, அடியில் பெயிண்டிலும் காயம். அந்தத் துண்டை மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று: பிலிம் பெயிண்டைக் காக்குமே தவிர தகட்டைக் காக்காது. பானெட்டில் ஒரு சின்னப் பள்ளம், மேலே பிலிம் அப்படியே இருந்தது, கீழே தகடு உள்வாங்கியிருந்தது.

மூக்கை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதி இரண்டாம் வருஷம் பாடம் நடத்தியது. முன் சக்கரம் அள்ளி எறியும் கல் முழுவதும் கதவின் அடிப்பகுதியிலும் அந்த வளைவிலும்தான் விழுகிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தபோது ஏற்கெனவே ஏழெட்டு இடத்தில் வெள்ளைப் புள்ளி. அதன் மேல் டச்சப் வைத்துவிட்டுப் பிலிம் ஒட்டினேன். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், மிரரை விட இந்த இடத்துக்கு முன்னுரிமை கொடுப்பேன்.

பறவை எச்சம் பற்றி ஒரு வார்த்தை. கடும் வெயிலில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டேன். வெந்நீரில் முக்கால்வாசி மறைந்தது, உருவத்தின் ஓரம் மட்டும் மெல்லிதாக நின்றுவிட்டது. பிலிம் இருக்கிறது என்ற தைரியத்தில் வந்த சோம்பல் அது. உரித்தபோது பெயிண்டில் ஒன்றும் இல்லை.

மஞ்சளாகுமா? கரு நீலத்தில் எனக்குத் தெரியவில்லை. ஹெட்லைட்டில் நான்காம் வருஷத்தில் இருந்து லேசான பழுப்பு உண்டு. நண்பரின் வெள்ளைக் காரில் நடந்தது வேறு: மலிவாகக் கிடைத்தது என்று ஒட்டியது பாலியூரித்தேனே இல்லை, பிவிசி. இரண்டே வருஷத்தில் பழைய செய்தித்தாள் நிறம். உரிக்கப் போனால் நகம் அளவுத் துண்டு துண்டாக உடைந்தது, பசை முழுக்கக் காரிலேயே தங்கிவிட்டது. மூன்று நாள் வேலை. ஒட்டும் முன் ஒரு ஓரத்துண்டை வாங்கி இழுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் நன்றாக நீண்டு, விட்டால் சுருங்கும். பிவிசி விறைப்பாக இருக்கும், இழுத்தது இழுத்தபடியே நிற்கும்.

செராமிக் கோட்டிங் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒன்றிரண்டு மைக்ரான் பூச்சு. தண்ணீர் வழுக்கி ஓடும், கழுவுவது சுலபம், பளபளப்பு கூடும். கல்லை நிறுத்தும் வேலை அதனால் ஆகாது.

வாரண்டித் தாளை நான் நான்காம் வருஷம்தான் முழுக்கப் படித்தேன், அந்தக் கிழிசலுக்காக. மஞ்சளாவது, வெடிப்பது, கொப்புளம், தானாக உரிவது எல்லாம் உள்ளே. கல்லடி வெளியே. எதற்காக வாங்கினோமோ அதற்கு வாரண்டி கிடையாது! யோசித்தால் நியாயம்தான், அடி வாங்குவதுதானே அதன் வேலை. ஆனாலும் படித்தபோது சிரிப்பு வந்தது.

சரி, உரித்த கதை. வெயிலில் காரைச் சூடேற விட்டு, ஹீட் கன்னை அசைத்துக்கொண்டே காட்டி, மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் பெயிண்டோடு ஒட்டினாற்போலப் பின்பக்கமாக மடித்து இழுத்தார்கள். ஒரே துண்டாக வந்தது. என் பெயிண்ட் தொழிற்சாலையிலேயே ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டது என்பதால் பயமில்லை. வெளியே மறுபடி அடித்த பெயிண்ட்டாக இருந்தால் அவ்வளவு சூட்டில் சுட்டிருக்க மாட்டார்கள், பிலிமோடு பெயிண்டும் வர வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட காராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உரிக்கும் முன் ஒரு வேலை செய்திருந்தேன். பிலிமில் தெரிந்த ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டேன். 41 வட்டம். உரித்து, பசையைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பெயிண்டைத் தேடினோம். இரண்டு. இரண்டே இடத்தில்தான் கிளியர் கோட்டில் சின்னப் பொத்தல், பிரைமர் வரை போகவில்லை. பிலிம் இல்லாத மேல் பகுதியில், 'கல் அங்கே படாது' என்று நான் விட்ட இடத்தில், 14 புள்ளி. அவற்றில் ஐந்து பிரைமர் தெரிய.

பிலிம் போன பிறகும் கோடு போகவில்லை. ஒரு பக்கம் ஐந்து வருஷக் கழுவலின் கீறல், மறுபக்கம் ஷோரூம் பெயிண்ட். பாலிஷ் போட்டுத்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இந்த முறை பானெட் முழுக்க, விளிம்பு உள்ளே மடித்து. அதற்கு முன் அந்தத் துருப் புள்ளியைச் சுரண்டி, பிரைமர் வைத்து, நிறம் வைத்தேன். முன் விளிம்பில் இடது ஹெட்லைட்டுக்கு நேர் மேலே, பிலிமுக்கு அடியில் கடுகளவு ஒரு பொட்டாக இருக்கிறது. காரைக் கழுவும்போதெல்லாம் விரல் அங்கே ஒரு தடவை போய்விட்டுத்தான் வருகிறது.