கூப்பு ஓரமா, சதுப்பு ஓரமா: மெய்ன் காட்டில் கருங்கரடிக்குத் தீனி வைக்கும் இடம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கரடி வேட்டைப் பருவம் ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை தொடங்குகிறது; தீனியை அதற்கு 30 நாள் முன்பிருந்தே வைக்கலாம். தீனி வைத்துக் கரடியை வரவழைத்துச் சுடும் இம்முறையை கொலராடோ மக்கள் 1992-இல் வாக்களித்துத் தடை செய்தனர்; ஆனால் மெய்ன் மக்கள் 2004-இலும் 2014-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் அதைத் தக்கவைத்துக்கொண்டனர். ஆகவே ஜூலை இறுதியில் அங்குள்ள வேட்டைக்காரர் முன் நிற்கும் முதல் கேள்வி, நில உரிமையாளரின் அனுமதி கிடைத்தபின், தீனியை எங்கே வைப்பது என்பதுதான்.

பலருடைய கண்ணில் முதலில் படுவது மரம் வெட்டி முடித்த கூப்பின் ஓரம். வெட்டிய சில ஆண்டுகளில் அங்கே ராஸ்பெர்ரிப் புதர் மண்டிவிடும் என்பதால் கரடி எப்படியும் வந்து போகும். கூப்பு ரோடு இருப்பதால் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. வண்டி செல்லும் எந்தப் பாதையிலிருந்தும் 50 கஜமாவது, அதாவது சுமார் 45 மீட்டராவது, தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. இரண்டாவது வகை, சீடார் மரங்கள் நெருங்கி வளர்ந்த சதுப்பின் விளிம்பு. பகலில் கரடி படுத்துக் கிடக்கும் குளிர்ந்த, இருண்ட இடம் அது. சேற்றில் பதிந்த காலடித் தடமும், பெர்ரி விதை நிறைந்த எச்சமும், நகம் கீறிய மரப்பட்டையும் அங்கே எளிதில் கண்ணில் படும்.

என் தீர்ப்பு சதுப்புப் பக்கம். தீனி வைத்தால் கரடி இரண்டு இடத்துக்கும் வரும். ஆனால் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் வருமா என்பதே கேள்வி, ஏனெனில் அதற்குப் பிறகு சுட அனுமதி இல்லை. வயதேறிய ஆண் கரடி திறந்த வெளியைக் கடந்து கூப்பு ஓரத்துக்கு வர இருட்டும்வரை காத்திருக்கும், படுக்கையிலிருந்து நூறு அடி நடந்தால் போதும் என்றால் வெளிச்சத்திலேயே எழுந்து வரும்.

ஆனாலும் சதுப்பில் ஒரு பொல்லாப்பு உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. மேட்டில் பரண் கட்டி உட்கார்ந்தால் மனித வாடை நேராகக் கரடியின் படுக்கைக்கே போய்ச் சேரும். எனவே சதுப்பிலிருந்து சற்று ஏறிய திட்டில் தீனியை வைத்து, பரணை அதே மட்டத்தில், தீனியிலிருந்து பதினைந்து இருபது கஜம் தள்ளி, காற்று தீனியிலிருந்து நம் பக்கம் வீசும்படி அமைப்பதே சரி. கரடி நேராக வராது. காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு வட்டம் போட்டு மோப்பம் பிடித்துவிட்டுத்தான் வரும். பரணுக்குப் பின்னால் ஓடையோ வெட்டவெளியோ இருந்தால் அந்த வட்டத்தைப் போட அது தயங்கும்.

தீனியைக் குழியிலோ மரக்கட்டைகளுக்கு அடியிலோ வைப்பதா, டிரம்மில் வைப்பதா என்பதில் எனக்கு அதிகத் தயக்கமில்லை: டிரம்தான். விஸ்கான்சினில் உலோகக் கலனுக்கே இடமில்லை என்பதால் அங்கே மரத்துண்டும் கல்லும்தான். மெய்னில் மரத்தோடு சங்கிலியால் கட்டிய 55 கேலன் டிரம் மழையிலிருந்து தீனியைக் காக்கிறது, கரடியின் கை நுழையும் அளவுக்குத் துளையிட்டால் ஒரே கரடி ஒரே இரவில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் தடுக்கிறது, கரடியை அளக்கவும் உதவுகிறது. அதன் உயரம் ஏறக்குறைய 88 சென்டிமீட்டர்; நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு அந்த விளிம்பை எட்டினால் அது பெரிய விலங்கு. கரடி துளைக்குள் தீனியைத் துழாவும் நேரம், குட்டிகள் பின்தங்கி வருகின்றனவா என்று பொறுத்துப் பார்க்கவும் பயன்படும்.

தீனியில் பழைய டோனட், பாப்கார்ன், ஓட்ஸ் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தரையில் ஊற்றுவது மட்டும் தனிப் பயன் தரும்: கரடி அதை மிதித்துப் போகும் வழியெல்லாம் வாடை ஒட்டிக்கொள்ள, அடுத்த கரடி அந்தத் தடத்தைப் பிடித்து வருகிறது. சாக்லேட் வேண்டவே வேண்டாம். 2014-இல் அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் தீனி வைத்த இடத்தருகே நான்கு கரடிகள் அதிலுள்ள தியோபுரோமின் நஞ்சால் இறந்து கிடந்தன. காட்டில் பீச் (beech) மரத்துக் கொட்டை நன்றாகக் காய்த்த ஆண்டில் எந்தத் தீனியும் கொஞ்சம் சலித்துத்தான் போகும்.

கூப்பு ஓரத்துக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நவம்பர் 10-க்குள் டிரம், மிச்சத் தீனி, குப்பை அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும் என்பது மெய்ன் சட்டம். சதுப்புக்குள் சேறு முழங்காலைத் தொடும் வழியில் காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வரும் நாளில் கூப்பு ரோட்டின் அருமை தெரியும். அதனால் சதுப்பைத் தேர்ந்தாலும், ரோட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டருக்குள் அதன் விளிம்பு வந்து முட்டும் இடமாகப் பார்ப்பது நல்லது.