போல்ட் ஏறியது, வண்டி ஓடவில்லை: '1980 எஞ்சின்' வாங்கி ஏமாந்த கதை

பழைய செவ்ரோலே பிக்கப் வைத்துக்கொண்டு, அதற்கு இன்னொரு வண்டியின் எஞ்சினைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை வெளியே எடுங்கள்.

என் வண்டி 1981 மாடல், முக்கால் டன், 350 கன அங்குல வி8, கியர் வண்டி. எஞ்சின் நீலப் புகை கக்க ஆரம்பித்ததும், உடைத்த வண்டிகளின் பாகங்களை விற்கும் ஒருவரிடம் போனேன். "1980 எஞ்சின் ஒண்ணு இருக்கு சார். உங்க வண்டிக்கு ஒரு வருஷம்தான் மூப்பு, அப்படியே உட்காரும்" என்றார்.

நான் வெறும் பேச்சை நம்பி வாங்கவில்லை. ஆதாரம் கேட்டேன், காட்டினார். அதில்தான் விழுந்தேன்.

எஞ்சினின் உடலான இரும்பு வார்ப்பைத்தான் பிளாக் என்பார்கள். இந்த பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், வார்த்த தேதி புடைப்பாக இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடம். பல பிளாக்குகளில் அந்த வருடம் ஒரே இலக்கம்தான். அவர் காட்டிய இடத்தில் சி, 14, 0 என்று இருந்தது. அதாவது மார்ச் 14, வருடம் பூஜ்யத்தில் முடிகிறது. "பாருங்க, எண்பது" என்றார். போதாததற்கு ஆயில் டிப்ஸ்டிக்கையும் காட்டினார். 1980-க்கு முந்தைய பிளாக்குகளில் அது ஓட்டுநர் பக்கம் இருக்கும், அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் போய்விட்டது. இதில் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. கணக்கு சரி என்று தலையாட்டினேன். பூஜ்யம் 1990-லும் வரும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

இரண்டு விஷயங்களை அன்றே கேட்டிருக்க வேண்டும். ஒன்று, எஞ்சினின் மேல்மூடிகளான டேப்பட் கவர் இரண்டும் இல்லை. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக்கும் இல்லை, பாலிதீன் சுற்றி வைத்திருந்தார். "உங்க பழசையே மாட்டிக்கலாம், அதனால விலை குறைச்சுத் தர்றேன்" என்றார், எனக்கும் சந்தோஷம். இரண்டாவது, தேதி இருந்த பக்கம் மட்டும் கம்பி பிரஷ் போட்டு மின்னியது. அதே பின்விளிம்பின் மறுபக்கம், பிளாக் எந்த வகை என்று சொல்லும் வார்ப்பு எண் இருக்கும் இடம், விரல் கனத்துக்கு கிரீஸ் அப்பிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என் டேப்பட் கவரை வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. என் கவருக்கு போல்ட் ஓரத்தைச் சுற்றி வரும். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டில்தான் கவர் மாட்டும். இந்த ஹெட்டில் ஓரத்தில் துளையே இல்லை, நடுவில் வரிசையாக இருந்தது. நடுவில் போல்ட் வாங்கும் ஹெட் 1987 வாக்கில் வந்தது. போனில் கேட்டால், "ஹெட்டை யாராவது மாத்தியிருப்பாங்க சார், நல்லதுதானே. கவர் நான் தர்றேன்" என்றார். தந்தார், காசுக்கு.

அடுத்து ஃப்ளைவீல், எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம். என்னுடையது, எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் ஏறவே இல்லை. இரண்டிலும் ஆறு போல்ட்தான். ஆனால் பழைய கிராங்கில் போல்ட் வட்டம் 3.58 அங்குலம், 1986-இல் இருந்து வந்ததில் 3 அங்குலம். அந்த வருடம் பின்பக்க ஆயில் சீலை இரண்டு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாற்றினார்கள், அதற்காகக் கிராங்கின் முனையையும் சிறிதாக்கினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது மறுபடியும் அவரிடமே போனேன். "இருக்கு, இதுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று ஒரு ஃப்ளைவீலை எடுத்துக் கொடுத்தார். ஆறு போல்ட்டும் அழகாக ஏறின.

இன்டேக்கிலும் அதே கதை. பன்னிரண்டு போல்ட்டில் நடுவில் இருக்கும் நான்கும் கோணம் மாறி நின்றன, அதுவும் 1987 மாற்றம்தான். என் மெக்கானிக் துளைகளை அரத்தால் நீட்டி மாட்டினார். வேண்டாம் என்று நான் தடுத்திருக்க வேண்டும். காற்று கசிந்து, ஐடிலில் வண்டி நிற்கவே இல்லை. கடைசியில் புது ஹெட்டுக்குப் பொருந்துகிற, கார்பரேட்டர் உட்காரும் இன்டேக் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு நல்ல காலம், பெட்ரோல் பம்ப் மாட்டும் இடம் இந்த பிளாக்கில் துளையிட்டே இருந்தது. அதுகூட இல்லாத பிளாக்குகள் உண்டு.

ஸ்டார்ட் செய்தோம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. 2000 சுற்றைத் தாண்டியதும் கியர் லீவர் கையில் நிற்காமல் நடுங்கியது, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலை பேலன்ஸ் பார்ப்பவரிடம் கொண்டு போனோம். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயிட் எங்கே?" என்றார். ஒற்றைத் துண்டு சீல் வந்த 350-க்கு ஃப்ளைவீலிலேயே ஒரு பக்கம் எடை கூட்டியிருப்பார்கள், கிராங்கின் சமநிலை அதோடு சேர்த்துத்தான் கணக்கு. பழைய கிராங்குக்கு அது தேவையில்லை. எனக்கு விற்றது யாரோ மாற்றிக் கட்டிய எஞ்சினுக்காகச் செய்தது; போல்ட் துளைகள் புதிய கிராங்கின் வட்டத்தில், ஆனால் எடை இல்லை. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும்.

சூடு வேறு. எஞ்சினோடு வாட்டர் பம்பை "இலவசம்" என்று சேர்த்துக் கொடுத்திருந்தார். பார்க்கப் புதிதாக இருந்தது, என் புல்லியும் அதில் ஏறியது. ஆனால் அது ஒரே அகல பெல்ட் எல்லாவற்றையும் சுற்றிப் போகும் எஞ்சினுடைய பம்ப். அந்த அமைப்பில் பெல்ட்டின் முதுகு பம்பைச் சுற்றுவதால் அது எதிர்த்திசையில் சுழலும், உள்ளே இலைகளின் வளைவும் அதற்கேற்ப இருக்கும். என் வண்டியில் வி பெல்ட். பம்ப் தலைகீழாகச் சுழன்று, தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. ஒழுகலும் இல்லை, சத்தமும் இல்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே பம்பைக் கழற்றிப் பார்த்தோம்.

கியர்பாக்ஸ் கீழே இருந்தபோதுதான் அந்த கிரீஸைச் சுரண்டினேன். 14093638. 1987-இல் இருந்து வந்த, ஒற்றைத் துண்டு சீல் பிளாக்கின் எண். 1980-இல் இப்படி ஒரு பிளாக் வார்க்கப்படவே இல்லை. ஐந்து நிமிட வேலை, ஒரு துணி, கொஞ்சம் பெட்ரோல். வாங்குகிற அன்றே செய்திருக்கலாம்.

பில்லை எடுத்துக்கொண்டு போனேன். அதில் 'பழைய 350 எஞ்சின்' என்று மட்டும் இருந்தது, வருடம் இல்லை. "350 கேட்டீங்க, 350 கொடுத்தேன். போல்ட் ஏறுச்சா இல்லையா?" என்றார். ஒருமுறை மாட்டியதைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

நீங்கள் வாங்கப் போனால் வருடத்தையும் வார்ப்பு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்று கேட்டு, முடிந்தால் அதன் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 1981-இல் இருந்து வந்த பதினேழு இலக்க எண்ணில் பத்தாவது இடம் மாடல் வருடம். பி என்றால் 1981, எல் என்றால் 1990. எஞ்சின் கைமாறியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியின் உருவம் ஒன்றுதானே என்றும் நினைக்காதீர்கள். 1973-இல் தொடங்கிய இந்தச் சதுர உடம்பு 1987 வரை வந்தது, ஆனால் 1981-இல் முன்பக்கத் தகடு முழுக்க மாறியது. 1980 பானட்டை என் வண்டிக்குத் தனியாக மாட்ட முடியாது.

இப்போது சரியான ஃப்ளைவீல், சரியான பம்ப் போட்டு வண்டி ஓடுகிறது. போன வாரம் அவர் இடத்தைக் கடந்து போனேன். வாசலில் இன்னொரு எஞ்சின் இருந்தது, பாலிதீன் சுற்றி. டேப்பட் கவர் இல்லை. பின்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மின்னியது.