ஜோத்பூர் போனா கோட்டையோட திரும்பிடாதீங்க: ராவ் ஜோதா பார்க் ரிவியூ

ஜோத்பூர் போறவங்க முக்கால்வாசி பேர் மெஹ்ரான்கர் கோட்டைய பாத்துட்டு அப்படியே ஜெய்சல்மேருக்கு வண்டி ஏறிடறாங்க, கோட்டைய ஒட்டியே இருக்கற ராவ் ஜோதா டெசர்ட் ராக் பார்க்க கண்டுக்கறதே இல்ல, அதான் எழுதறேன்.

பார்க்னதும் புல்தரை, ஊஞ்சல்னு நெனச்சுட்டு போகாதீங்க. சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை, அதுல அந்த மண்ணுக்கே சொந்தமான செடிகொடி. 2006ல வேல ஆரம்பிச்சப்போ அங்க மண்டிக் கெடந்தது எது தெரியுமா, நம்ம ராமநாதபுரம் பக்கம் ஊரையே வளைச்சுப் போட்டிருக்கற அதே சீமைக்கருவேலம்! வெட்ட வெட்ட துளிர்க்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். மரங்கள பத்தி எழுதற பிரதீப் கிருஷன் தான் முன்ன நின்னு செஞ்சவர், ஆனா வேர எடுத்துக் குடுத்தது கல்லு ஒடைக்கற கண்ட்வாலியா ஆளுங்க, சுத்தியலால பாறைய தட்டிப் பாத்து சத்தத்த வச்சே விரிசல் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சு உளியாலயே குழி எடுத்திருக்காங்க, அந்த குழிலயே நாட்டுச் செடிய வச்சாங்க. 2011ல இருந்து பொதுமக்கள் போகலாம். சீமைக்கருவேலத்த ஒழிக்கவே முடியாதுன்னு பேசறவங்க கண்டிப்பா ஒரு தடவ நேர்ல பாக்கணும்.

எப்ப போலாம்னு கேட்டா என் ஓட்டு மழை சீசனுக்கு தான். பார்க் முழுக்க தோர்னு ஒரு கள்ளி இருக்கு, வெயில் காலத்துல வெறும் முள்ளுக் குச்சியா நிக்கும், பாத்தா கேக்டஸ்னு தான் தோணும் ஆனா அது கேக்டஸ் இல்ல, லேசா கீறினாலே பால் வடியும் (கண்ணுல பட்டா எரிச்சல், குழந்தைங்கள தொட விடாதீங்க). ஜூலைல நாலு மழை பெய்யட்டும், அதே குச்சில முள்ளுக்கு நடுவுல தடிமனா சின்னச் சின்ன இலை வந்துடும், பாறை இடுக்கெல்லாம் புல்லு, மண்ணு இருக்கற எடத்துல குனிஞ்சு பாத்தா தம்பலப்பூச்சி செக்கச்செவேல்னு ஊரும், இதுவா பாலைவனம்னு ஆயிடும்.

பிப்ரவரி மார்ச் இன்னொரு அழகு. ரோஹிடா மரத்துல மஞ்சளும் ஆரஞ்சுமா பூ, இலையே இல்லாத கேர் புதர்ல செவப்புப் பூ, அங்க ஒரு எடத்துல அசையாம நின்னீங்கன்னா போதும், ஊதாத் தேன்சிட்டு பூவுக்குள்ள தலைய விட்டுட்டு நெத்தில மகரந்தத்தோட வெளிய வரும்.

மே மாசம் எனக்கே கஷ்டம் தான், நிழல் கம்மி, போனா காலைல திறந்ததும் போயிடுங்க. ஹாத்தி நஹர்னு பாறைய வெட்டி தண்ணி கொண்டு போன பழைய வாய்க்கா ஒன்னு இருக்கு, அதுக்குள்ளயே நடக்கலாம், ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், அத மட்டும் விட்டுடாதீங்க. கிரிப் இருக்கற ஷூ அவசியம். முடிஞ்சா கைடு வச்சுக்கோங்க, இல்லன்னா பாதி செடிய சுள்ளின்னு நெனச்சு தாண்டிப் போயிடுவோம்.

அன்னிக்கு மதியம் டவுன்ல கேர் சாங்ரி கேட்டு சாப்பிடுங்க, கேர் அந்த புதரோட காய், சாங்ரி நம்ம கோயில்ல நிக்கற வன்னி மரத்தோட காய் தான், பாஜ்ரா (கம்பு) ரொட்டிக்கு அவ்ளோ பொருத்தம்.