மினாக்சிடிலோடு ஐந்து ஆண்டுகள்: என் உச்சியும் அக்காவின் வகிடும்

எங்கள் வீட்டில் சொட்டை பரம்பரைச் சொத்து. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பதுக்குள் உச்சி வழுக்கையாகிவிட்டது. அம்மாவின் அப்பாவுக்கோ எழுபதிலும் அடர்ந்த முடி. தலைமுடி தாய்வழித் தாத்தாவைக் கொண்டுதான் வரும் என்று ஊரில் சொல்வதை நம்பி அசட்டையாக இருந்தேன். அம்மாவிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் முக்கியமான மரபணு ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் இதில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. அப்பா பக்கமும் தன் பங்கைக் கேட்கும். 29 வயதில் சலூன்காரர் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டியபோது, உச்சியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வட்டம் விழுந்திருந்தது.

இரண்டு ஆண்டுகள் சின்ன வெங்காயச் சாற்றிலும் கரிசலாங்கண்ணித் தைலத்திலும் போயின. தைலம் தேய்த்தால் முடி பளபளக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன் வேர்க்கால்களைச் சுருக்க, வளரும் முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. வெங்காயம் அதற்கு என்ன செய்யும்?

தோல் மருத்துவர் 5 சதவீத மினாக்சிடில் திரவம் எழுதித் தந்தார். காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். மூன்றாவது வாரம் குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது. இருந்ததும் போயிற்றே என்று புட்டியைத் தூக்கி எறியப் பார்த்தேன். பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் கட்டம் அது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் விரலுக்குச் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

அரிப்பும் பொடுகுபோன்ற செதிலும் ஓர் ஆண்டு படுத்தின. திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நுரை வடிவத்துக்கு மாறியதும் நின்றது. வீட்டில் பூனை இருந்தால் கவனம்: தடவிய தலையையோ தலையணை உறையையோ நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து. எங்கள் பூனைக்குப் படுக்கையறையில் இடமில்லாமல் போனது இதனால்தான்.

டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் சேர்க்கலாம் என்றார் மருத்துவர். சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம் என்றும் சொன்னார். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வேண்டாம் என்றுவிட்டேன்.

அக்காவின் கதை வேறு. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கொட்டியது, ஓர் ஆண்டாகியும் நிற்கவில்லை. பெண்களுக்கு எங்களைப்போல நெற்றி ஏறுவது குறைவு, வகிடு அகலமாகும். அவள் நெற்றிச்சுட்டி வைத்து மறைத்ததை யாரும் கவனிக்கவில்லை. மருத்துவர் முதலில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் சோதித்தார். பிறகு, தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தியதும், அவளுக்கும் மினாக்சிடில் தந்தார். இரவில் ஒருமுறை மட்டும். காதோரம் வழிந்து கன்னத்தில் பூனைமுடி வந்ததில் அவளுக்கு ஒரே அழுகை. தடவும் அளவைக் குறைத்ததும் மெல்ல உதிர்ந்தது. ஒப்பிட்டால் என்னைவிட அவளுக்குத்தான் பலன் அதிகம்.

என் திருமணச் சந்தடியில் நான்கு மாதம் விட்டுவிட்டேன். கிடைத்த முடியெல்லாம் கணக்குப் பார்த்ததுபோல் கொட்டிப்போனது. மறுபடி தடவி மீட்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. நெற்றி மட்டும் அன்று ஏறிய இடத்தில்தான் நிற்கிறது. அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. உச்சி வட்டம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மாதம் ஒரு புட்டி, 600 முதல் 700 ரூபாய். அக்காவுக்கும் சேர்த்து வாங்கிவருவது என் வேலை. பணம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.